உடையவர் யார்?

எங்கள் பங்கில் ஜமக்காளத் தறியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு பந்து உதைப்பார். அண்மையில் ஒரு மாலை, கூடுதுறைப் பக்கம் நான் நடந்து வந்துகொண்டிருந்தபோது அவரும் வந்து சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், “ஏனுங்க சாமி, நம்ம கோயமுத்தூர் டீமை இனி யாராச்சும் புது மொதலாளி எடுத்து நடத்துவாங்களாங்க?” என்று கேட்டார்.

அவர் எந்த அணியைச் சொல்கிறார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த அணி களத்தைவிட்டு மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கோவை நேரு விளையாட்டரங்கில் அது ஆடிய நாள்களில், இங்கிருந்து சித்தோடு, பெருந்துறை, அவிநாசி வழியாகப் பேருந்தில் நூறு கிலோமீட்டர் போய், ஆட்டம் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பியவர் அவர். அன்று அவருக்குப் பள்ளிப் பருவம். “எனக்குத் தெரியலையே தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் கேட்டது ஒரு பந்தாட்டக் குழுவைப் பற்றியது மட்டுமன்று. பலர் நேசிக்கின்ற ஒன்று ஒருவருடைய உடைமையாக இருக்கும்போது, அதன் உண்மையான உடையவர் யார்? அது வீழ்ந்தால், நேசித்தவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? அடுத்த முதலாளிக்காகக் காத்திருப்பது நம்பிக்கை என்னும் பெயருக்குத் தகுதியானதா? இவற்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்தித்துப் பார்க்க விழைகின்றேன்.

ஒரு மாலையின் மகிழ்ச்சி

அந்தக் குழுவின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும், 2017-18 பருவம் முதல் அதன் வீடு கோவையாகவே இருந்தது. இந்தியக் கால்பந்தின் ஐ-லீக் போட்டியில் பெரிய பணபலமோ பழம்பெருமையோ இல்லாமல் நுழைந்த அணி அது. 2018-19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார்.

2019 மார்ச் 9. பருவத்தின் கடைசி ஆட்டம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியைவிட ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. கோவையில் மினர்வா பஞ்சாப் அணியை வென்றாக வேண்டும். முதற்பாதியில் எதிரணியே ஒரு கோல் முன்னால் நின்றது. இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள் விழுந்தன. 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி வாகை சூடியது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42 புள்ளிகள். கொங்கு மண்ணில் ஒரு கால்பந்து அணி நாட்டின் லீக் பட்டத்தைத் தூக்கி நின்ற மாலை அது. அன்று அரங்கில் கண்ணீர்விட்டு அழுததாக இந்த இளைஞர் சொல்கிறார். நான் நம்புகிறேன்.

அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி. பாசல் இந்தக் குழுவில் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கிற்று. ஐரோப்பாவே கோவைக்கு வந்துவிட்டது என்று இளைஞர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. பெருந்தொற்று வந்தது. 2020-21 பருவம் முழுவதும் வங்காளத்திலேயே, பார்வையாளர் இன்றி நடந்தது. ஊதியம் வந்து சேரவில்லை என்று ஆட்டக்காரர்களின் முறையீடுகள் வெளிவந்தன. 2021-22 பருவத்திற்கான அணிகளின் வரிசையில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. கோப்பையைத் தூக்கிய நாளுக்கும் பெயர் அழிந்த நாளுக்கும் இடையே மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

நம் நாட்டில் இது முதல் கதையும் அன்று. 1996-97இல் தேசியக் கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. அணி 2011இல் கலைக்கப்பட்டது. 2005-06இல் அதே பட்டத்தை வென்ற மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. இவை பெரிய நிறுவனங்களின் அணிகள். பசியால் இறந்தவை அல்ல. உடையவர்கள் போதும் என்று முடிவெடுத்தார்கள், முடிந்துவிட்டது. ரசிகர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

புது முதலாளி என்னும் நம்பிக்கை

இத்தகைய நேரத்தில் எல்லா ஊர்களிலும் எழுகின்ற குரல் ஒன்றே: யாராவது ஒரு நல்ல முதலாளி வந்து வாங்கமாட்டாரா?

இந்தக் குரலை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இது கொங்கு நாட்டுக்குப் பழகிய குரல். 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தின்போது நின்ற தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தபோது, அவற்றின் தொழிலாளர் வீடுகளில் கேட்ட குரலும் இதுதான். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழித் திட்டங்கள் சரிந்தபோது, போட்ட பணத்தை மீட்டுத்தர யாராவது வரமாட்டார்களா என்று எத்தனையோ உழவர் குடும்பங்கள் வாசலில் அமர்ந்திருந்தன. வீழ்ந்தவனுக்குக் கைகொடுப்பவர் வேண்டும் என்பது மனித இயல்பு.

ஆனால் புது முதலாளி வந்த இடத்தையும் பார்ப்போம். ஐதராபாத் எஃப்.சி. 2021-22இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஊதியம் கொடுக்க இயலாத நிலைக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ரசிகர்கள் புது முதலாளிக்காக ஏங்கினார்கள். 2024இல் ஒரு பெரிய தொழிற்குழுமம் அணியை வாங்கிற்று. ஏக்கம் நிறைவேறியது. 2025இல் அந்த அணி தில்லிக்குப் பெயர்ந்து, வேறு பெயரும் சூடிக்கொண்டது. ஐதராபாத்தின் ரசிகர்களுக்கு எஞ்சியது பழைய சட்டைகள்தாம். புதிய உடையவர் சட்டத்தை மீறவில்லை. வாங்கிய பொருளை வேறிடத்துக்குக் கொண்டுபோனார், அவ்வளவே. அப்படியிருந்தும் ஏதோ அநீதி நடந்துவிட்டதாக நம் உள்ளம் சொல்கிறது. அந்த உள்ளுணர்வு வெறும் உணர்ச்சிப்பெருக்கா, அல்லது அதற்கு அறநெறியில் இடமுண்டா?

உடைமையும் பயனும்

குருமடத்தில் நாங்கள் படித்த அறநெறி இறையியலில், புனித தோமா அக்குவினா செய்யும் ஒரு பாகுபாடு உண்டு. பொருள்களைத் தேடுவதற்கும் ஆள்வதற்கும் தனிமனிதனுக்கு உரிமை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. தனக்கென்று உள்ளதை மனிதன் அக்கறையோடு பேணுவான். எல்லாருடையதும் என்றால் ஒவ்வொருவனும் மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவான். ஆனால் பயன் என்று வரும்போது, தன் பொருளை எல்லாருக்கும் உரியதாகவே கருதி, தேவையில் இருப்போரோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்கிறார். ஆளும் உரிமை ஒன்று. பயன் கொள்ளும் முறை மற்றொன்று. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதே கருத்தை இன்னொரு சொல்லால் விளக்கினார். ஒவ்வொரு தனியுடைமையின்மீதும் சமூகம் என்னும் அடமானம் இருக்கிறது என்றார். பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். கடன் மட்டும் ஊருக்கு.

பழைய ஏற்பாட்டில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவுகூர்வோம். ஆகாபு அரசன் முதலில் அநியாயமாக எதையும் கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். இன்றைய கணக்கில் அது நியாயமான பேரம். நாபோத்து மறுத்ததற்குக் காரணம் விலை குறைவு என்பதன்று. அது மூதாதையர் வழி வந்தது. தன் கைக்கு வந்திருந்தாலும் விற்பதற்குத் தன்னுடையது அன்று என்று அவன் எண்ணினான். அரசனுக்கு அந்த மொழி விளங்கவில்லை. விளங்காமையிலிருந்தே கொலை பிறந்தது.

ஒரு கால்பந்து அணியைத் திராட்சைத் தோட்டத்தோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அணி என்பது எதனால் ஆனது என்று சற்று எண்ணிப் பாருங்கள். உரிமப் பத்திரமும் ஒப்பந்தங்களும் முதலாளியுடையவை. பந்துகளும் பேருந்தும் அவருடையவை. மார்ச் 9ஆம் நாளின் கண்ணீர் யாருடையது? பேருந்தில் நூறு கிலோமீட்டர் வந்த சிறுவனின் அந்த இரவு யாருடையது? அந்தக் கண்ணீரும் அந்த இரவும் இல்லாவிட்டால், பதினொருவர் பந்தின் பின்னே ஓடுவது விலைபோகாத ஒரு செயல். அணியின் மதிப்பில் பெரும்பகுதியை உண்டாக்கியவர்கள் கணக்கேட்டில் எங்கும் பெயர் இல்லாதவர்கள். ஆகவே அவர்களுக்கு அணியின்மீது உரிமை உண்டு என்றே கூறத் துணிகிறேன். ஆளும் உரிமையை நான் சொல்லவில்லை. தங்களைக் கேளாமல் அழிக்கவும் பெயர்க்கவும் கூடாது என்று சொல்லும் உரிமையைச் சொல்கிறேன்.

கைதட்டலின் விலை

இந்த இடத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். முதலாளியின் பக்கத்தையும் கேட்பதே நீதி.

நம் நாட்டில் நுழைவுச்சீட்டு விற்று ஒரு கால்பந்து அணியை நடத்திவிட முடியாது. ஆட்டக்காரர் ஊதியம், விமானப் பயணம், தங்கும் விடுதி, மைதான வாடகை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் உடையவரின் கைப்பணம். தொலைக்காட்சி வருவாயும் நம்பத்தக்கதாக இல்லை. இந்தியன் சூப்பர் லீக்கையே எடுத்துக்கொள்வோம். 2010இல் செய்யப்பட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025இல் முடிவுக்கு வந்தபோது, அதன் கழகங்கள் திகைத்து நின்றன. சென்னையின் எஃப்.சி. தன் கால்பந்துப் பணிகளை 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. புதிய உரிமைக்காகக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிக்கு 2025 நவம்பரில் ஒருவரும் முன்வரவில்லை. இத்தகைய தொழிலில் பணம் போட்டவர் ஒருநாள் கை ஓய்ந்துபோனால், அவரைத் துரோகி என்று அழைப்பது எளிது. அவர் இழந்தபோது நாம் என்ன கொடுத்தோம்? கைதட்டினோம்.

நாம் நேசிப்பதற்கு வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த விலை எவ்வளவு என்று நாம் கேட்கவே இல்லை. “புது முதலாளி வருவாரா” என்னும் ஏக்கத்தில் இந்தக் குறையும் ஒளிந்திருக்கிறது. அதே அன்பைத் தொடர வேறொருவர் விலைகொடுக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

இன்னொன்றையும் அந்த ஏக்கம் மறந்துவிடுகிறது. ஊதியம் பெறாத ஆட்டக்காரரையே சொல்கிறேன். கோப்பை போயிற்றே, பெயர் போயிற்றே என்று வருந்தும் நாம், மாதக்கணக்கில் வீட்டுக்குப் பணம் அனுப்ப இயலாத இருபது வயது இளைஞனை எத்தனை முறை நினைத்தோம்? பிடித்துவைக்கப்பட்ட கூலியே இறைவன் முன் முறையிடும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலின் அடிப்படையும் நீதியான ஊதியமே. பந்து உதைப்பதும் உழைப்புதான். எனவே வரப்போகும் முதலாளியிடம் ரசிகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எப்போது கோப்பை வெல்வீர்கள்?” என்பதன்று; “பழைய பாக்கியைத் தீர்ப்பீர்களா?” என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில்தான் ரசிகர் கூட்டம் ஒரு சமூகமாகிறது.

இரண்டு ஊர்களின் கதை

விலை கொடுத்து நேசித்தவர்களின் கதைகளும் உலகில் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டும் திருச்சபையின் முற்றத்தில் தொடங்கியவை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1887இல், தூய மரியா ஆலய மண்டபத்தில் ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் மாரிஸ்ட் சபைத் துறவி, அயர்லாந்தில் பிறந்த சகோதரர் வால்ஃபிரிட். பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் மக்களின் குழந்தைகள் பசியோடு பள்ளிக்கு வந்தார்கள். ஆட்டம் நடத்தி அந்தக் குழந்தைகளின் உணவுக்குப் பணம் திரட்டுவதே நோக்கம். அதுதான் செல்டிக். சில ஆண்டுகளில் வால்ஃபிரிட் இலண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் கழகம் ஒரு வரையறுக்கப்பட்ட கம்பெனியாயிற்று. ஏழைக் குழந்தைகளின் உணவு மேசை பின்னுக்குப் போயிற்று. சில குடும்பங்களின் கையில் அது பல பத்தாண்டுகள் இருந்தது.

1994 மார்ச்சில் அந்தக் கழகம் கடனில் மூழ்கி, வங்கி கதவை மூடும் விளிம்பில் நின்றது. அப்போது ஃபெர்கஸ் மெக்கேன் என்னும், கனடாவில் பொருள் ஈட்டிய ஸ்காட்லாந்துக்காரர் அதை ஏற்றார். இதுவரை இது ரசிகர்கள் கனவு காணும் புது முதலாளியின் கதைதான். ஆனால் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். பங்குகளை எளிய ரசிகர்களுக்கு விற்றார். ஏறத்தாழ 10,000 பேர் தங்கள் சேமிப்பிலிருந்து வாங்கினார்கள். ஐந்தாண்டுகளில் போய்விடுவேன் என்று வந்த அன்றே சொன்னார். அரங்கத்தை 60,000 பேர் அமரும்படி கட்டி எழுப்பினார். 1998இல் அணி பட்டம் வென்றது. வெற்றிக்கொடி ஏற்றிய நாளில், போதிய பணம் செலவிடவில்லை என்று அதே ரசிகர்கள் அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அவர் கணக்கைச் சரியாக வைத்தார். 1999இல், சொன்னபடி போய்விட்டார். பழைய எதிரியான ரேஞ்சர்ஸ் கழகத்தை நடத்திய கம்பெனி 2012இல் கடனால் கலைக்கப்பட்டபோதுதான், கூச்சலிட்டவர்களில் பலர் அவருடைய சிக்கனத்தின் பொருளைப் புரிந்துகொண்டார்கள்.

மற்றொன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ். தெருவில் ஆபத்தோடு பந்து உதைத்த சிறுவர்களைச் சலேசிய குரு லொரென்சோ மாசா தம் முற்றத்தில் ஆட அழைத்தார். 1908இல் சான் லொரென்சோ கழகம் பிறந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதல் அதன் ரசிகர், உறுப்பினர். 1979இல் இராணுவ ஆட்சியின் நெருக்கடியிலும் கடனிலும் கழகம் தன் பழைய அரங்கத்தை இழந்தது. அங்கே ஒரு பேரங்காடி எழுந்தது. ரசிகர்கள் மறக்கவில்லை. ஊர்வலம் போனார்கள், மன்றத்தில் 2012இல் சட்டம் வரச் செய்தார்கள், நிலத்தைச் சதுர மீட்டர் சதுர மீட்டராகத் தங்கள் பணத்தால் மீட்டார்கள். 2019இல் அந்த நிலம் திரும்பிவந்தது. இழந்த போது இளைஞராயிருந்தவர் பலர் அதற்குள் பாட்டன்மார் ஆகியிருந்தார்கள்.

இவர்களும் நம்பிக்கையோடு காத்திருந்தவர்களே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இவர்களின் காத்திருப்பில் வேலை இருந்தது. நம் பவானி நெசவாளர்களுக்கு இது புதிய பாடமன்று. கூட்டுறவுச் சங்கத்தில் சிறு பங்குத்தொகை கட்டிய நெசவாளருக்கும் ஒரு வாக்கு உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் அதைக் கட்டியவர், “யார் வந்து நடத்துவார்?” என்று கேட்பதில்லை, “நாம் என்ன செய்யப்போகிறோம்?” என்று கேட்கிறார். சங்கங்களிலும் ஊழல் நுழைவதுண்டு, உறங்கிப்போவதுண்டு. பொதுவுடைமை தானாகவே காவலாகிவிடாது என்பதற்கு மேலே சொன்ன பஞ்சாலைகளே சாட்சி. அக்குவினாவின் எச்சரிக்கை பொய்யன்று. ஆயினும் சிறிதேனும் விலைகொடுத்தவருக்கு, கண்விழித்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

என் கணக்கு

இவ்வளவும் எழுதிய பிறகு, என் சொந்தக் கணக்கையும் சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, அங்கிருந்த இளைஞர்களுக்காக ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினேன். குடிப்பழக்கத்துக்குள் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் மாலையில் மைதானத்துக்கு வந்தார்கள். சட்டைக்கும் காலணிக்கும் நானே நன்கொடையாளர்களைத் தேடிப் போனேன். போட்டிகளுக்கு நானே பெயர் கொடுத்தேன். பந்து எங்கே வாங்குவது என்பதுகூட என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. பரிசு வாங்கிய நாளில் பங்கு மக்கள் என்னைப் பாராட்டினார்கள், எனக்கும் இனித்தது. ஆறாம் ஆண்டில் மாற்றல் ஆணை வந்தது. ஓராண்டு கழித்துத் திருவிழாவுக்கு அழைக்கப்பட்டு அங்கே போனபோது, மைதானத்தில் ஆள் உயரத்துக்கு முள்செடி வளர்ந்திருந்தது. குழுவின் தலைவனாக இருந்தவன் கோவில் வாசலில் என்னைக் கண்டு, “நீங்க போனதோட எல்லாம் போச்சுங்க சாமி” என்றான். அன்று அதை எனக்குக் கிடைத்த புகழாக எடுத்துக்கொண்டேன். அது என்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்று விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பங்குக் குரு பங்கின் உடையவர் அல்லர். திருச்சபைச் சட்டம் அவரை நிர்வாகி என்றே அழைக்கிறது; நல்ல குடும்பத் தலைவரின் அக்கறையோடு அடுத்தவருக்காகப் பேணுபவர். நான் அந்த இளைஞர்களிடம் கூலியாள்போல நடந்துகொள்ளவில்லை. ஓநாயைக் கண்டு ஓடவுமில்லை. ஆனால் நல்ல முதலாளியாக இருந்துவிட்டேன். அதுவே பிழை. எல்லாவற்றையும் அவர்களுக்காகச் செய்தேன். எதையும் அவர்களுடையதாகச் செய்யவில்லை. நல்ல முதலாளி போனால் அடுத்த நல்ல முதலாளிக்காகக் காத்திருக்கும் பழக்கத்தையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

வாய்க்கால் வெட்டியவர்

எங்கள் பவானியில், ஆறுகள் கூடுமிடத்தருகே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டியது. அதிலிருந்து புறப்படும் வாய்க்கால் வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, கொடுமுடிப் பக்கம் நொய்யலோடு சேர்கிறது. 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அது இன்றும் நீர் ஊட்டுகிறது. அவரைப் பற்றி இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. தன் நிலத்துக்கு நீர் கொண்டுபோகவே இதை வெட்டுகிறான் என்று சிலர் பழி சொன்னார்களாம். நானோ என் வழிவந்தவரோ இந்நீரை ஒரு துளியும் பயன்கொள்ளமாட்டோம் என்று அவர் சூளுரைத்து, குடும்பத்தோடு இந்தப் பகுதியை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தாராம். 

இந்தச் செய்தியை நான் வேண்டிய அளவு பிரசங்கங்களில் சொல்லியிருக்கிறேன். தியாகத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொன்னேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அவர் போன பிறகும் வாய்க்கால் ஓடியது. மடையைத் திறக்கவும், தூர் வாரவும், கரையைக் காக்கவும் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக முன்வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுநூறு ஆண்டு எப்படி ஓடியிருக்கும்? வெட்டியவரின் பெருமையில் பாதி, பெயர் தெரியாத அந்தக் காவலர்களுக்கு உரியது. அண்மைக் காலத்தில் சாயக்கழிவும் தோல் ஆலைக் கழிவும் அதே வாய்க்காலில் கலந்து நீர் கெட்டதையும் நாம் கண்டோம். வெட்டியவர் இல்லாததால் கெட்டதன்று. காப்பவர் கண்ணயர்ந்ததால் கெட்டது.

சென்ற ஞாயிறு அந்த இளைஞரை மீண்டும் சந்தித்தேன். கோவை அணியைப் பற்றி அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் விடை இல்லை. ஒருவேளை யாராவது வரலாம். வந்தால், பழைய பாக்கியைத் தீர்ப்பவராகவும், ஊரைக் கேட்டு நடப்பவராகவும், தமக்குப் பின் நிற்கும்படி கட்டுபவராகவும் இருக்கட்டும் என்று வேண்டுகிறேன். அவரிடம் நான் சொன்னது வேறு. முற்றத்தில் ஆடும் சிறுவர்களுக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிக்கொடுத்தேன். வாரத்துக்கு ஐந்து ரூபாய். இயலாதவனுக்கு ஒரு ரூபாய். அதுவும் இயலாதவன் கோடு போட வரட்டும். பந்து கிழிந்தால் அந்தப் பணத்தில் அவர்களே வாங்க வேண்டும். நான் நன்கொடை கேட்டுப் போகமாட்டேன்.

“பணம் கொறஞ்சா என்னங்க சாமி பண்றது?” என்று கேட்டார்.

“குறைஞ்சா கிழிஞ்ச பந்தைத் தச்சு ஆடுங்க தம்பி. எனக்கு இங்க இன்னும் ரெண்டு வருஷந்தான்” என்றேன்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதினாறு பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. என் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். வேண்டாம் என்றேன், ஐந்து ரூபாய் மட்டும் கொடுத்தேன்.